பழைய நீச்சல் குளம்: மருந்தைவிட மோட்டார் ரூம் முக்கியம்

பெங்களூரில் 2005, 2006 வாக்கில் கட்டிய அடுக்ககங்களில் நீச்சல் குளம் பெரும்பாலும் விளம்பரத்துக்காக வந்தது. படத்தில் நீலமாக மின்னும். மோட்டார் ரூமை வீடு வாங்கினவர் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். பன்னேர்கட்டா ரோட்டில் எங்கள் குளமும் அந்த ரகம்தான். சுமார் ஒரு லட்சம் லிட்டர், ஒரு சாண்ட் ஃபில்டர், ஒரு த்ரீ ஃபேஸ் பம்ப், மேல்மட்டத் தண்ணீரையும் குப்பையையும் இழுக்கும் இரண்டு ஸ்கிம்மர், அடியிலிருந்து தண்ணீரை இழுக்கும் ஒரே ஒரு மெயின் டிரெயின். அசோசியேஷனில் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்து சில வருஷம் ஆகிறது. இதே மாதிரிக் குளத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தண்ணீர் கொஞ்சம் பச்சை தட்டினால் போதும், எல்லோரும் மருந்து டப்பாவைத்தான் திறக்கிறார்கள். குளோரின் கொட்டுவது, அடங்காவிட்டால் படிகாரம். எங்கள் குளத்துக்கு மருந்து குறைந்ததே இல்லை. தண்ணீர்தான் சுற்றவில்லை. இந்த அளவுக் குளத்தில் மொத்தத் தண்ணீரும் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை ஃபில்டரைக் கடந்து வர வேண்டும். பம்ப் சத்தம் கேட்கிறது என்பதால் அது நடக்கிறது என்று ஆகிவிடாது.

அதைக் காட்டிக்கொடுத்தவை இரண்டு கேஜ்கள். ஃபில்டர் தலையில் இருந்த பழைய பிரஷர் கேஜ், பம்பை நிறுத்தினாலும் 1 பாரிலேயே நின்றது. அதைக் கழற்றிப் போட்டுப் புதுசு மாட்டினோம். கூடவே பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் ஒரு வேக்யூம் கேஜ். வேக்யூம் ஏறிப் பிரஷர் இறங்கினால் அடைப்பு பம்புக்கு முன்னால்: ஸ்கிம்மர் கூடை, குழாய், பாதி மூடிக்கிடக்கும் வால்வு. பிரஷர் ஏறி வேக்யூம் இறங்கினால் ஃபில்டர் பக்கம். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பம்பிலேயே கோளாறு, இல்லையென்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது.

எங்களுக்கு இரண்டும் இறங்கிக் கிடந்தன. மோட்டார் காயில் எரிந்து ரீவைண்டிங் செய்து வந்ததிலிருந்தே அப்படித்தான். குளத்தைப் பார்த்துக்கொள்ளும் தர்மபுரித் தம்பி மோட்டார் பின்னால் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமா சுத்துது பாருங்க.” திரும்ப மாட்டும்போது இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருக்கிறது. இந்த வகைப் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளும். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எலக்ட்ரீஷியன் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்த பிறகு தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் வாயில் கை வைத்தால் கையைத் தள்ளியது. இப்போது கட்டடத்தில் கரண்ட் வேலை எது நடந்தாலும் முதலில் மோட்டார் பின்னால் இருக்கும் ஃபேன் சுற்றும் திசையைத்தான் பார்க்கிறோம்.

காற்றுக் கோளாறு சின்னது. ரிட்டர்ன் வழியே குமிழி வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ ஓட்டை. பம்ப் ஓடும்போது அங்கே தண்ணீர் சொட்டாது, அதனால் ஈரத்தைத் தேடுவது வீண். இணைப்புகளில் ஷேவிங் ஃபோம் தடவுங்கள், காற்று இழுக்கும் இடத்தில் நுரை குழிந்து உள்ளே போகும். எங்களுக்கு பம்ப் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தட்டையாகியிருந்தது. புது ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ்தான் தடவ வேண்டும். வாசலின் சில ரப்பரை உப்பவைத்துவிடும்.

நிஜமான வில்லன் மணல். ஃபில்டரைத் திறந்து கையை விட்டால் மேல் மணல் உதிர்ந்தது, ஒரு சாண் கீழே விரல் இறங்கவில்லை. உடைத்து எடுத்தால் பழைய கருப்பட்டி மாதிரி கட்டிகட்டியாக வந்தது. எங்கள் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் கடின நீர். அதில் கால்சியம் ஹைப்போகுளோரைட் வேறு. அதுவும் தன் பங்குக்குக் கால்சியத்தைச் சேர்க்கும். சுண்ணாம்பு படிந்து மணல் இறுகினால் தண்ணீர் ஏதாவது ஒரு பிளவு வழியாக அப்படியே இறங்கிவிடும், எதுவும் வடிகட்டப்படாது. படிகாரம் போட்டு அடியில் படிந்த சகதியை ஃபில்டர் வழியாகவே இழுத்துவந்த பழக்கமும் ஒரு காரணம். அதை, தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வை ‘வேஸ்ட்’ நிலையில் வைத்து நேராக வெளியே தள்ளியிருக்க வேண்டும்.

மணலுக்கு ஐந்திலிருந்து ஏழு வருஷம் ஆயுள் சொல்வார்கள். எங்களுடையது கட்டின நாளிலிருந்து மாற்றியதே இல்லை. மாற்றும்போது அடியில் இருக்கும் பிளாஸ்டிக் விரல்கள் (வடிந்த தண்ணீரை வாங்கும் சின்னக் குழாய்கள்) உடையாதபடி முதலில் பாதித் தொட்டிக்குத் தண்ணீர் விட்டு அப்புறம் மணலைக் கொட்டச் சொல்லுங்கள். ஒரு விரல் உடைந்தால் குளத்தின் அடியில் மணல் வந்து சேரும்.

புது மணல் போட்டதும் கேஜ் காட்டிய அளவை மார்க்கரால் ஃபில்டர் மேலேயே எழுதிவைத்தோம். அதற்கு மேல் 0.5 முதல் 0.7 பார் ஏறினால்தான் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி மணலைக் கழுவி அழுக்கை வெளியே தள்ளுவது. முன்பு தினமும் நடந்தது. எங்கள் பம்புக்கு மூன்று நிமிஷ பேக்வாஷ் என்றால் ஆயிரம் லிட்டர் போச்சு. 2024 மார்ச் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் குடிநீர் வாரியம் நீச்சல் குளத்துக்குக் குடிநீர் விடக்கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டபோதுதான் இந்த ஆயிரம் லிட்டர் கமிட்டியில் எல்லோர் கண்ணிலும் பட்டது. அந்தத் தண்ணீரை கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்குத் திருப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. குளோரின் அங்கே வேலை செய்யும் பாக்டீரியாவைக் கொல்லும் என்று தடுத்தேன்.

அதே சமயத்தில் மட்டம் தினமும் இறங்கியது. படிக்கட்டில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, குளத்தின் மட்டத்துக்குச் சமமாக நிரப்பி மறுநாள் பார்த்தோம். வாளியில் குறைந்தது ஆவியானது, குளத்தில் அதைவிட அதிகமாகக் குறைந்தால் கசிவு. டைல்ஸை உடைக்க ஆள் வந்து எஸ்டிமேட்டும் கொடுத்துவிட்டுப் போனார். தண்ணீர் போனதோ மல்டிபோர்ட் உள்ளே. ஃபில்டர் நிலையில் இருக்கும்போதே கழிவு வழியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் மெல்லிய ஓட்டம் தெரிந்தது. உள்ளே நட்சத்திர வடிவ கேஸ்கெட் பிய்ந்திருந்தது. பம்பை நிறுத்தாமல் கைப்பிடியைத் திருப்பினால் அது பிய்யும், எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பிப்ரவரி, மார்ச்சில் டபேபுயா பூ கொட்டும்போது ஸ்கிம்மர் கூடையை ஒருநாளைக்கு இரண்டு தடவை காலி செய்ய வேண்டும். பூ அழகுதான், கூடையில் ஊறினால் களி. மழைக்காலத்தில் குளத்தை முழுசாக வடிக்கச் சொல்லும் கான்ட்ராக்டரை நம்பாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருந்தால் வெறும் தொட்டியைக் கீழிருந்து தூக்கி விரிசல் விடவைக்கும்.

இன்னும் முடியாத வேலை அந்த ஒற்றை மெயின் டிரெயின். ஒரே வாய் என்றால் அதன் மேல் உடம்பு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் இதற்காகவே 2007-ல் சட்டம் வந்தது. இரண்டாவது வாய்க்குத் தரையை உடைக்க வேண்டும், அடுத்த கோடைக்குத் தள்ளியிருக்கிறோம். அதுவரை குளிக்கும் நேரத்தில் டிரெயின் வால்வு மூடியே இருக்கும், பம்ப் ஸ்கிம்மரிலிருந்து மட்டும் இழுக்கும். டிரெயின் மூடி ஆடினாலோ விரிசல் விட்டாலோ அன்று குளம் பூட்டு.