சுருங்குவதற்கென்றே ஒரு நூல்: ட்ராப்ஸ் ஸ்னோவில் பின்னிய கம்பளிப் பை

கம்பளிச் சட்டையைத் தெரியாமல் வெந்நீரில் துவைத்துவிட்டு, அது குழந்தைச் சட்டையாகத் திரும்பி வருவதைக் கண்டு கையைப் பிசையாத வீடு குளிர்நாடுகளில் அரிது. அந்த விபத்தையே வேண்டுமென்று வரவழைத்து, பின்னிய துணியைத் தடித்த ஃபெல்ட் (இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிய கம்பளித் துணி) ஆக்கிப் பை செய்வது நான் வாழும் நார்வேயில் பலருக்கும் பழகிய கைவேலை. கடந்த குளிர்காலத்தில் அப்படி ஒரு பையை நார்வே நாட்டு நிறுவனமான கார்ன்ஸ்டூடியோவின் ட்ராப்ஸ் ஸ்னோ என்ற நூலில் பின்னி முடித்தேன். முன்பு எஸ்கிமோ என்ற பெயரில் விற்றதும் இதே நூல்தான். பழைய பின்னல் குறிப்புகளில் அந்தப் பெயரைக் காண்பவர்கள் குழம்ப வேண்டியதில்லை.

இதற்கு முன் ஒரு பையை வேறொரு நூலில் பின்னி ஏமாந்திருக்கிறேன் என்பதால், இம்முறை நூலைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருந்தேன். அந்த முதல் நூலும் நூறு சதவீதக் கம்பளிதான். மூன்று முறை வெந்நீரில் துவைத்தும் பை அங்குலம்கூடச் சுருங்காமல், போட்டது போலவே வெளியே வந்தது. நூல் உருண்டையின் உறையை எடுத்துப் படித்தபோதுதான் ‘சூப்பர்வாஷ்’ என்ற சொல் கண்ணில் பட்டது. கம்பளி இழையின் மேல் மீன் செதிளைப் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. ஈரமும் வெப்பமும் சோப்பும் சேரும்போது அவை விரிந்து கொடுக்கும். அந்நிலையில் துணியை உலுக்கினால் ஓர் இழையின் செதிள் அடுத்த இழையின் செதிளோடு மாட்டிக்கொண்டு, பிறகு பிரியவே பிரியாது. சூப்பர்வாஷ் நூலில் இந்தச் செதிள்களை வேதிமுறையில் மழுக்கியோ, அவற்றின் மேல் மெல்லிய பூச்சு பூசியோ விடுகிறார்கள். காலுறைக்கு அது வரம், பைக்கு அது சாபம். வெளுத்த வெள்ளை நூலிலும் இதே ஐயம் உண்டு. வெளுப்பானில் செதிள் சேதப்பட்டிருந்தால் சரியாகப் பிடிக்காது.

ஸ்னோ இத்தகைய பதப்படுத்தல் ஏதும் இல்லாத கம்பளி. 50 கிராம் உருண்டையில் ஏறத்தாழ 50 மீட்டர் நூல் இருப்பதிலிருந்தே அதன் பருமனை ஊகிக்கலாம். பல புரிகளை முறுக்கிச் சேர்க்காமல், ஒற்றைப் புரியாக, மிகத் தளர்வாக நூற்றிருக்கிறார்கள். இரு கைகளாலும் பிடித்துச் சற்று வலுவாக இழுத்தால் பஞ்சுபோலப் பிரிந்து வந்துவிடும். ஊசி முனை கூராக இருந்தால் கண்ணிக்குள், அதாவது பின்னலின் வளையத்துக்குள், நுழைவதற்குப் பதிலாக நூலைப் பிளந்துகொண்டு போகும். ஆகவே மழுங்கிய முனையுள்ள மர ஊசிதான் இதற்கு ஏற்றது. கழுத்துத்துணியோ ஸ்வெட்டரோ பின்ன நினைப்பவர்களுக்கு இந்த நூலை நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்படித் தளர்வாக நூற்ற எந்த நூலும் உரசும் இடங்களில் உருண்டை உருண்டையாகத் திரளும். ஆனால் இழைகள் இறுக்கமில்லாமல் கிடப்பதால்தான் அவை வெந்நீரில் ஒன்றையொன்று தேடிப் பிடிக்கின்றன. உடைக்குக் குறையாக இருப்பது பைக்கு அப்படியே குணமாகிறது.

பைக்கு எட்டு உருண்டைகள் வாங்கி, ஏழை முழுவதும் பயன்படுத்தினேன். மீதி ஒன்று மாதிரித்துண்டுக்குப் போயிற்று. அந்தத் துண்டைப் பின்னாமல் பையைத் தொடங்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்வேன். 8 மில்லிமீட்டர் ஊசியில் 22 கண்ணிகள், 30 வரிசைகள் பின்னியபோது அது 20 சென்டிமீட்டர் சதுரமாக இருந்தது. சலவை இயந்திரத்தில் வெந்நீரில் துவைத்து, காயவைத்து அளந்தபோது அகலம் 16, உயரம் பதின்மூன்றரை. அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கும் போயிருந்தன. பின்னல் துணி நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும் என்பதை அறியாதவர்கள், சதுரப் பையை எண்ணிப் பின்னிவிட்டுக் குட்டையான பெட்டியைப் பெறுவார்கள்.

அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, அடிப்பாகத்துக்கு 36 கண்ணிகள் ஏற்றி 24 வரிசைகள் பின்னி, நாற்புறமும் கண்ணி எடுத்து மொத்தம் 96 ஆக்கி, வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றி 63 வரிசைகள் மேலே கொண்டுபோனேன். தையலே இல்லாத பை இது. பெரிய ஊசியானதால் வேலை ஓடிவிடுகிறது. மாலை வேளைகளில் மட்டும் பின்னி ஆறு நாளில் முடித்தேன். கைப்பிடிகளைத் தனியே ஆறு ஆறு கண்ணிகளில் நீளமாகப் பின்னிக்கொண்டேன். முடித்தபோது பை பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணிகளுக்கிடையே விரல் நுழையும், தோளில் மாட்டினால் முழங்கால் வரை தொங்கும். வீட்டில் உள்ளவர்கள் அதை மீன் வலை என்றே அழைத்தார்கள்.

பையைக் கைப்பிடிகளுடன் ஒரு பழைய தலையணை உறைக்குள் இட்டுக் கட்டி, இரண்டு பழைய ஜீன்ஸ்களோடு இயந்திரத்தில் போட்டு, 40 டிகிரியில் முழு நேரச் சலவை வைத்தேன். ஜீன்ஸ் உரசுவதற்காக. குளியல் துண்டு போட்டால் அதன் பஞ்சும் பையில் ஏறி ஒட்டிக்கொள்ளும். நொதி இல்லாத சலவைத் திரவத்தையே பயன்படுத்த வேண்டும், அது கம்பளியின் புரதத்தை அரிக்காது. தலையணை உறையைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடி பஞ்சு இருந்தது. அதைக் குறையென்று சொன்னால், கம்பளியில் சோற்றைப் போட்டுவிட்டு மயிர் மயிர் என்று கூவிய கதையாகிவிடும். உறை இல்லாமல் போட்டிருந்தால் இயந்திரத்தின் வடிகட்டிதான் அடைபட்டிருக்கும்.

முதல் சலவையில் அடிப்பாகம் மட்டும் இறுகி, மேலே கண்ணிகள் மங்கலாகத் தெரிந்தன. மீண்டும் ஒரு முறை ஓடவிட்டதும் கண்ணி இருந்த தடமே இல்லாமல், விரல் பருமனில் பாதி தடித்த துணியாகிவிட்டது. ஈரக் கம்பளியின் ஆட்டு வாடை குளியலறை முழுவதும் இரண்டு நாள் இருந்ததையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டத்தில் வேகம் தேவை. ஈரம் இருக்கும்வரைதான் துணி சொன்னபடி கேட்கும். ஐந்து கிலோ பாஸ்மதி அரிசிப் பொட்டலத்தை நெகிழியில் சுற்றி உள்ளே நிறுத்தி, மூலைகளைக் கையால் இழுத்துச் சரிசெய்து, மூன்று நாள் நிழலில் விட்டேன். நான் செய்த பிழை ஒன்று உண்டு: இயந்திரம் நின்ற பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் பையை எடுத்தேன். அதற்குள் முன்பக்கத்தில் விழுந்த மடிப்பு எவ்வளவு இழுத்தும் இன்றுவரை மறையவில்லை.

காய்ந்த பின் பை 26 சென்டிமீட்டர் அகலம், 28 சென்டிமீட்டர் உயரம், 9 சென்டிமீட்டர் பக்கவாட்டு அகலத்துடன் தானாக நின்றது. கைப்பிடிக்காகக் கத்தரியால் நான்கு துளைகளை வெட்டினேன். பின்னிய துணியில் கத்தரி வைப்பது நெஞ்சு படபடக்கும் வேலைதான், ஆனால் ஓர் இழைகூடப் பிரியவில்லை. கைப்பிடிகளை இதே நூலால் தைக்கக் கூடாது, அது பாரம் தாங்காது. முறுக்கிய பருத்தி நூலால் தைத்தேன்.

வெந்நீர் வராத மேல்திறப்பு இயந்திரம் வைத்திருப்பவர்கள், வாளியில் வெந்நீரும் சோப்பும் கலந்து கையால் கசக்கியே இதைச் செய்யலாம். தோள் வலிக்கும், பொறுமை வேண்டும், ஆனால் எப்போது நிறுத்துவது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

நான்கு மாதமாக இந்தப் பையில் புத்தகமும் காய்கறியும் சுமக்கிறேன். சிறு தூறலில் நீர் முத்து முத்தாக மேலேயே நின்று உருள்கிறது. கைப்பிடிகள் மட்டும் இரண்டு விரற்கடை நீண்டிருக்கின்றன. அடுத்த பைக்கு அவற்றை இன்னும் குட்டையாகப் பின்ன எண்ணி, அடர்சாம்பல் நிறத்தில் மறுபடி எட்டு உருண்டைகள் வாங்கி வைத்திருக்கிறேன்.