ஆயில் சம்ப் விரிசலுக்கு வீட்லயே எபாக்சி: ஒரு கோடை, ஒரு மழைக்காலம் ஓட்டுன அனுபவம்

கார் இஞ்சினுக்கு அடியில ஆயில் தேங்கி நிக்கிற தொட்டிதான் ஆயில் சம்ப், அதுல விரிசல் விழுந்தா சம்ப்பையே மாத்தணும், ரெண்டு டியூபைக் கலந்து ஒட்டுற எபாக்சி பசை எல்லாம் வண்டி வீடு வந்து சேர்ற வரைக்கும்தான்னு பல பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. 2024 டிசம்பர்ல நான் ஒட்டுனது இன்னிக்கும் அப்படியே பிடிச்சு நிக்குது. ஒரு கத்திரி வெயில் பாத்துருச்சு, ஒரு முழு ஐப்பசி கார்த்திகை மழை பாத்துருச்சு, அதுவும் சும்மா ஷெட்ல நிக்கிற வண்டி இல்ல, வேலை நாள்ல எல்லாம் கடலூர்ல இருந்து பாண்டிக்குப் போய்ட்டு வர்ற வண்டி. அதனால இது எங்க தாங்கும், எங்க தாங்கவே தாங்காதுன்னு விவரமா எழுதிடலாம்னு தோணுச்சு, ஏன்னா பாதி விவரம் தெரிஞ்சு செஞ்சா இஞ்சினே போயிடும்.

எப்படி உடைஞ்சதுன்னா, ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி பாண்டி பக்கத்துல கரையைக் கடந்துச்சுல்ல, பாண்டியில ஒரே நாள்ல 46 செ.மீ.க்கு மேல மழை, அது முடியறதுக்குள்ள சாத்தனூர் டேம் தண்ணி தொறந்துவிட்டு தென்பெண்ணை ரெண்டு கரையும் புரண்டு ஓடுச்சு. தண்ணி வடிஞ்ச பிறகு ரோடு முழுக்க தார் பேந்து ஜல்லி மட்டும் கெடந்துச்சு. கிருமாம்பாக்கம் பக்கம் தண்ணி நின்ன ஒரு பள்ளத்துல எறங்கும்போது உள்ள இருந்த கல்லு அடியில டங்குனு அடிச்சுது. ஓரங்கட்டி குனிஞ்சு பாத்தா கறுப்பா கோடு மாதிரி ஆயில் எறங்குது. உடனே இஞ்சினை ஆஃப் பண்ணிட்டேன். இந்த ஒரு விஷயத்தை எல்லாரும் மனசுல வச்சுக்கங்க, அடி வாங்குன பிறகு ஆயில் லைட் எரியட்டும் பாத்துக்கலாம்னு ஓட்டவே கூடாது. ஆயில் லைட் எரியுதுன்னா பிரஷர் ஏற்கனவே விழுந்துடுச்சுன்னு அர்த்தம், அடியில ஆயிலை உறிஞ்சுற சல்லடை, அதான் ஸ்ட்ரெய்னர், ஆயிலுக்குப் பதிலா காத்தை உறிஞ்ச ஆரம்பிச்சிருக்கும், கிராங்க் பேரிங் தேய ரொம்ப நேரம் ஆகாது.

கட்டி இழுத்துட்டு வந்து அரியாங்குப்பத்துல தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட காட்டுனேன். ரொம்ப அனுபவஸ்தர். "தம்பி, சம்ப் கைல ஸ்டாக் இல்ல, புயலுக்கு அப்புறம் வர்ற வண்டி பூரா இதே கேஸ்தான், ஆர்டர் போட்டா எப்ப வரும்னு சொல்ல முடியாது"ன்னாரு. ஒட்டிப் பாக்கலாமாண்ணேன்னு கேட்டேன். "ஒட்டலாம், ஆனா எண்ணெய்ப் பிசுக்கு போகணும், அது போச்சுன்னா நிக்கும், போகலைன்னா நீ எவ்ளோ காஸ்ட்லியா வாங்கி ஒட்டினாலும் நிக்காது"ன்னாரு. இத்தனை மாசம் ஓட்டுன பிறகு சொல்றேன், அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

முதல்ல விரிசல் எந்த இடத்துலன்னு பாக்கணும், ஒட்டலாமா வேணாமான்னு அங்கயே முடிவாயிடும். என்னோடது வார்ப்பு அலுமினிய சம்ப், பக்கவாட்டுச் சுவர்ல, தட்டையான இடத்துல, விரல் நீளத்துக்கு விரிசல். இது ஒட்டலாம். ஆயில் வடிக்கிற டிரெய்ன் போல்ட் திருகுற மரைக்குள்ள விரிசல் ஓடியிருந்தா ஒட்டக் கூடாது, ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் அங்க முறுக்கு விழும். சில வண்டியில கியர்பாக்ஸ் போல்ட் சம்ப்லயே வந்து மாட்டும், அந்தக் காது பக்கம் விரிசல்னா அது சும்மா ஆயில் தாங்குற பாத்திரம் இல்ல, பாரம் தாங்குற பாகம், எபாக்சிய நெனைக்கவே வேணாம். இஞ்சின் பிளாக்கோட சேர்ற விளிம்புல உடைஞ்சாலும் அப்படித்தான்.

சுவர்ல ஏன் தாங்கும்னா, சம்ப்புக்குள்ள பிரஷரே கிடையாது. ரெண்டு மூணு பார் பிரஷர் எல்லாம் பம்ப்புக்கு அப்புறம் போற வழியிலதான், சம்ப்ல ஆயில் சும்மா தேங்கி நிக்குது. அதனால எபாக்சி அங்க எதிர்க்க வேண்டியது ஆயிலோட எடை, சூடு, அதிர்வு இது மூணும்தான். ஆனா உங்க வண்டியில இஞ்சினுக்குள்ள சேர்ற காத்தை வெளியேத்துற பிசிவி வால்வு அடைச்சிருந்தா உள்ள காத்து கட்டி வெளிய தள்ளும், அப்புறம் ஒட்டுன இடம் மட்டும் இல்ல, நல்லா இருக்கிற சீல் கூட கசியும். ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த வால்வையும் ஒரு தடவை பாத்துடுங்க.

சூடுதான் எபாக்சிய தேர்ந்தெடுக்கறதுல முக்கியம். ஓடுற வண்டியில ஆயில் 90 முதல் 110 டிகிரி வரைக்கும் சாதாரணமா போகும், கோடையில ஏசி போட்டு வேகமா ஓட்டினா அதுக்கும் மேல. ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற சாதாரண அஞ்சு நிமிஷ எபாக்சி எல்லாம் 60, 70 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சிடும். வீட்டுத் தண்ணி பைப்புக்கு வைக்கிற மாவு மாதிரி எபாக்சியும் இதுக்கானது இல்ல. நான் போட்டது ஜே-பி வெல்ட் ஒரிஜினல், இரும்புத்தூள் கலந்தது, 250 டிகிரிக்கு மேலயே தாங்கும். ரெண்டு டியூபும் சம அளவு கலக்கணும், 4 முதல் 6 மணி நேரத்துல இறுகும், முழு பலம் வர 15 முதல் 24 மணி நேரம். அதே கம்பெனில சீக்கிரம் இறுகுற வகையும் இருக்கு, அவசரம்னு அதை எடுக்காதீங்க, சூடு தாங்குற அளவு அதுல கம்மி.

சம்ப்பை கழட்டாம அடியில படுத்துக்கிட்டே ஒட்டுறவங்களும் இருக்காங்க. நான் கழட்டித்தான் செஞ்சேன், முடிஞ்சா நீங்களும் கழட்டுங்க. ஆயில் வடிச்ச பிறகும் உள்ள இருந்து சொட்டு சொட்டா மறுநாள் வரைக்கும் எறங்கிட்டே இருக்கும், அந்த ஈரத்துல எதுவும் ஒட்டாது. வண்டிய ஜாக்கில மட்டும் தூக்கி அடியில போகவே கூடாது, ரெண்டு ஸ்டாண்ட் வச்சு, பின் வீலுக்கு கட்டை போட்டு, ஸ்டெப்னியையும் அடியில தள்ளிட்டுத்தான் நான் படுத்தேன். வடிச்ச ஆயிலை வாய்க்கால்ல கொட்டாதீங்க, கேன்ல புடிச்சு ஒர்க்‌ஷாப்ல குடுத்தா எடுத்துக்குவாங்க.

இப்ப சுத்தம். மொத்த வேலையில பெரும்பகுதி நேரம் இதுக்குத்தான் போச்சு. முதல்ல பாத்திரம் கழுவுற சோப்பும் சுடுதண்ணியும் போட்டு நல்லா தேச்சு வெயில்ல காய வச்சேன். வார்ப்பு அலுமினியத்துல கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கும், வருஷக்கணக்கா ஆயில் அதுக்குள்ள ஊறிப் போயிருக்கும். ஹீட் கன் வச்சு சூடு காட்டினா விரிசல்ல இருந்து ஆயில் வேர்வை மாதிரி துளிர்த்து வெளிய வரும், துடைச்சிட்டு பிரேக் க்ளீனர் அடி, மறுபடி சூடு காட்டு, மறுபடி துடை. துளிர்க்கிறது நிக்கிற வரைக்கும் விடக் கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோல்ல கடைசியா துடைச்சு விடுறது வேணாம், அது காஞ்ச பிறகும் மெல்லிசா ஒரு பிசுக்கு நிக்கும், கடைசித் துடைப்பு அசிட்டோன்தான்.

ஆனா மண்ணெண்ணெய்க்கு இங்க வேற ஒரு வேலை இருக்கு. விரிசல் உண்மையில எங்க முடியுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. சம்ப்போட வெளிப்பக்கம் சாக்பீஸ் தூளை தண்ணில குழைச்சு பூசி காய விட்டு, உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி கொஞ்ச நேரம் விட்டீங்கன்னா, மயிரிழை விரிசலும் வெள்ளையில ஈரக் கோடா தெரியும். எனக்கு கண்ணுல பட்டதை விட விரிசல் நல்லாவே நீளமா இருந்துச்சு. அந்த ரெண்டு முனையிலயும் 2 மி.மீ. டிரில் பிட்ல சின்ன ஓட்டை போடணும், அப்பதான் விரிசல் மேல ஓடாம அங்கயே நிக்கும், வெல்டிங் பண்றவங்களும் இதேதான் செய்வாங்க. இதைச் செஞ்சிட்டு மறுபடி மொத்த சுத்தமும் முதல்ல இருந்து.

அப்புறம் அரத்தால விரிசல் நெடுக வி மாதிரி ஒரு காடி எடுத்து, சுத்தி நாலு பக்கமும் ரெண்டு விரல் அகலத்துக்கு 80 நம்பர் உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கினேன். சுத்தமாச்சான்னு பாக்க ஒரு வழி இருக்கு, தண்ணி தெளிச்சுப் பாருங்க, தண்ணி படலமா பரவினா பிசுக்கு இல்ல, முத்து முத்தா உருண்டு நின்னா இன்னும் எண்ணெய் இருக்கு. பரவுச்சுன்னா காய வச்சு, அசிட்டோன் துடைச்சு, உடனே ஒட்டிடணும், மறுநாள் பாத்துக்கலாம்னு விடாதீங்க, உப்புத்தாள் போட்ட அலுமினியம் மேல ஆக்சைடு படலம் வந்துட்டே இருக்கும், கடல் காத்து வேற.

பலத்துக்கு ஃபைபர் துணி வைக்கணும்னு நெனச்சேன். நம்ம ஊர்ல இது கஷ்டமே இல்ல, சுனாமிக்கு அப்புறம் கடலூர் கரையில எல்லாம் ஃபைபர் போட்தான், கடலூர் முதுநகர் துறைமுகம் பக்கம் போட் ரிப்பேர் பண்றவங்க கிட்ட கேட்டாலே துண்டு கிடைக்கும். ஆனா அவங்க அதிகம் வச்சிருக்கிறது வைக்கோல் மாதிரி நாரை அமுக்கி செஞ்ச மேட், அது போட் ரெசினுக்குன்னு செஞ்சது, நாரைப் பிடிச்சிருக்கிற பசை அந்த ரெசின்லதான் கரையும், எபாக்சில சரியா ஊறாது. துணி மாதிரி நெய்ஞ்சது இருக்கான்னு கேட்டு அதை வாங்குங்க. அந்த போட் ரெசினையே சம்ப்ல பூசலாமான்னு கூட ஒருத்தர் கேட்டாரு, வேணாம், அது அலுமினியத்துல நல்லா புடிக்காது.

ஒட்டுற வேலை சுலபம். ஒரு டைல்ஸ் துண்டு மேல ரெண்டு டியூபையும் கோடு கோடா சமமா பிதுக்கி, கறுப்பும் வெள்ளையும் தனியா தெரியாம ஒரே சாம்பல் நிறம் வர்ற வரைக்கும் கலக்கணும். முதல் பூச்சு மெல்லிசா, காடிக்குள்ள அழுத்தித் தேய்க்கணும், அது மேல துணி, அது மேல இன்னொரு பூச்சு, ஓரத்தை ஒண்ணுமில்லாம இழைச்சு விடணும். கெட்டியா கட்டி மாதிரி வைக்காதீங்க. சூடாகும்போது அலுமினியம் ஒரு அளவு விரியும், எபாக்சி வேற அளவு விரியும், தடிமன் கூடக் கூட விளிம்புல இழுப்பு கூடும், உரியறது விளிம்புல இருந்துதான் ஆரம்பிக்கும். உள்பக்கம் நான் ஒட்டு எதுவும் போடல, காடி வழியா உள்ள பிதுங்கினதையும் வழிச்சு எடுத்துட்டேன். உள்ள ஒட்டினா ரெட்டை பலம்னு சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, வெளிய உரிஞ்சா ரோட்ல ஆயில் சொட்டும், கண்ணுக்குத் தெரியும், உள்ள உரிஞ்சா ஸ்ட்ரெய்னரை அடைக்கும், அது தெரியும்போது இஞ்சின் போயிருக்கும்.

ஒரு முழு நாளுக்கும் மேல விட்டு, விளிம்புச் சந்தை அடைக்கிற கேஸ்கெட் மேக்கர் பசை போட்டு, போல்ட்டை குறுக்கு மாறா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கி மாட்டினேன். புது ஆயில், புது ஃபில்டர். ஐடில்ல விட்டு, ஆயில் லைட் அணைஞ்சதைப் பாத்துட்டு, இஞ்சின் சூடாகி ஃபேன் சுத்தின பிறகு மறுபடி அடியில பாத்தேன், ஏன்னா சூடான ஆயில்தான் தண்ணி மாதிரி இளகி சின்ன சந்துலயும் வரும். சொட்டு இல்ல.

இனி இத்தனை மாச அனுபவம். ஆரம்பத்துல தினமும் ராத்திரி அட்டை விரிச்சு வச்சேன், டிப் ஸ்டிக் பாத்தேன், லெவல் எறங்கவே இல்ல. கோடையில ஏசி தண்ணி சொட்டுறதைப் பாத்து ரெண்டொரு தடவை பதறிட்டேன், வெள்ளைத் துணியில தொட்டுப் பாத்தா நிறம் இல்லாத தண்ணி. ஜூன் வாக்குல ஆயில் மாத்தும்போது ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால ஒட்டு முழுக்க தட்டிப் பாத்தேன். நல்லா புடிச்ச இடம் கெட்டியா சத்தம் குடுக்கும், உரிஞ்ச இடம் பொத்துனு கேக்கும். வண்டியோட முன்பக்க ஓரம் மட்டும் நகக்கண் அளவுக்கு தூக்கியிருந்துச்சு, டயர் அடிக்கிற ஜல்லி படுற பக்கம் அது. கசிவு இல்ல. அந்த ஓரத்தை மட்டும் தேச்சு எடுத்து, சுத்தம் பண்ணி, மெல்லிசா ஒரு பூச்சு. அதுக்கப்புறம் விளிம்பு நெடுக பெயிண்ட் மார்க்கர்ல கோடு போட்டு வச்சிருக்கேன், நகர்ந்தா தெரியும்.

மழைக்காலம்தான் எனக்கு பயமா இருந்துச்சு. கொதிக்கிற சம்ப் மேல தேங்கின தண்ணி மொத்தமா வந்து அடிக்கும், சட்டுனு குளிரும், விளிம்புக்கு அதுதான் பெரிய சோதனை. ரெட்டிச்சாவடி பக்கம் தண்ணில பல தடவை எறங்கி ஏறியாச்சு, மார்க்கர் கோடு அங்கயேதான் இருக்கு. கல்லடி படாம காக்குற தட்டு, சம்ப் கார்ட், மாட்டியிருக்கேன், ஆனா அடியில துளை உள்ளதா பாத்து மாட்டினேன், மூடின தட்டா இருந்தா கசியிற ஆயில் அதுலயே தேங்கி நமக்குத் தெரியாமப் போயிடும்.

எல்லா வண்டிக்கும் இது ஒத்து வராதுங்கறதுக்கு மச்சான் வண்டியே சாட்சி. அவர் வீடு தேவனாம்பட்டினம், கடல் எதுக்கவே. அது தகடு சம்ப், உப்புக் காத்துல துரு அரிச்சு பொடி ஓட்டை விழுந்துச்சு, அதே எபாக்சிதான் போட்டாரு, சீக்கிரமே துருவோட சேர்ந்து பொளந்து வந்துடுச்சு. எபாக்சி துருவைப் புடிச்சிருந்துச்சு, துரு தகடைப் புடிக்கல. தகடு சம்ப் அரிச்சுப் போச்சுன்னா மாத்துங்க மச்சான்னு அப்பவே சொன்னேன், இப்ப மாத்திட்டாரு.

ஆர்கான் வெல்டிங்கும் விசாரிச்சேன், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை பக்கம் பண்றாங்க. ஆயில் ஊறின வார்ப்புல வெல்டிங் நுரைச்சு துளை விழும், சூட்டுல விளிம்பு கோணிக்கவும் வாய்ப்பு இருக்கு, கோணினா பிளாக்கோட சரியா உக்காராது. பாரம் தாங்குற இடத்துல உடைஞ்சவங்களுக்கு நல்ல ஆள் கையில அதுதான் வழி. எனக்குத் தேவைப்படல. எபாக்சி, பிரேக் க்ளீனர், ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்தும் புது சம்ப் விலையில பாதி கூட வரல.

போன மாசம் சென்னை போனப்ப புதுப்பேட்டையில இதே மாடல் பழைய சம்ப் ஒண்ணு நல்ல நிலையில கிடைச்சுது, சாக்பீஸ் வச்சு பாத்துட்டேன், விரிசல் இல்ல. கிளட்ச் வேலை எப்படியும் இந்த வருஷம் வரும், அப்ப கியர்பாக்ஸ் எறக்கும்போது சேர்த்து மாத்திடுவேன்.