முழங்காலுக்குப் பின்னால் கட்டி: ஊசியா, கத்தியா, பயிற்சியா?

அம்மாவுக்கு வலது முழங்காலின் பின்மடிப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். காலை நீட்டி நின்றால் இறுகும். மடக்கினால் கைக்கே அகப்படாது. முதலில் பார்த்த இடத்தில் ஊசி போட்டு உறிஞ்சினார்கள். வைக்கோல் நிறத்தில், கூழ் மாதிரி கெட்டியாக ஒரு சிரிஞ்சு நிறைய வந்தது. அன்றைக்கு அம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டே மாதத்தில் கட்டி பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதைப் பேக்கர் கட்டி என்பார்கள். 1877-ல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் மோரன்ட் பேக்கரின் பெயர். மூட்டுக்குள் நீர் அதிகமாகச் சுரக்கும்போது அது பின்பக்கத் தசைநார்களுக்கு நடுவே இருக்கிற சின்னப் பைக்குள் இறங்குகிறது. வழியில் இருக்கும் மடிப்பு ஒருவழிக் கதவு மாதிரி. போன நீர் எளிதில் திரும்பாது. ஆக, உறிஞ்சினாலும் சரி, அறுத்து எடுத்தாலும் சரி, காலி செய்வது தொட்டியைத்தான், குழாய் திறந்தே கிடக்கிறது. இரண்டில் அறுப்பது இன்னும் மோசமான பேரம்: முக்கிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் இடம், தழும்பும் மிஞ்சும், உள்நோயை விட்டுவிட்டால் கட்டி திரும்பவும் வரும்.

எனவே கேட்க வேண்டியது குழாய் ஏன் ஒழுகுகிறது என்பதை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான் காரணம். அம்மாவுக்கும் அதுதான். அதற்கு மூன்று வழி சொன்னார்கள்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி: வலியும் நீரும் சீக்கிரம் குறையும், கட்டியும் சுருங்கும். ஆனால் பலன் சில வாரங்கள்தான். அடிக்கடி போடுவதிலும் சிக்கல் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2017-ல் வெளியானது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது, வலியிலோ பெரிய வித்தியாசம் இல்லை.

ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது துளை போட்டு உள்ளே கழுவிச் சீவுவது: தேய்மானத்துக்கு இது எடுபடாது என்று 2002-லேயே ஒரு சோதனை காட்டிவிட்டது. சிலருக்கு மேல்தோலில் மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். அவர்களுக்கும் அதே அளவு குணம்! மூட்டெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு (மெனிஸ்கஸ்) வயதால் நைந்தால் அதை வெட்டுவதிலும் 2013-ல் பின்லாந்தில் கிட்டத்தட்ட அதே முடிவு.

பயிற்சியும் எடைக் குறைப்பும்: என் ஓட்டு இதற்குத்தான். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, ஐந்து எண்ணும்வரை முழங்காலால் அதைக் கீழே அழுத்தி விட வேண்டும். அவ்வளவுதான், ஆனால் தினமும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது. அம்மா முதல் வாரம் முனகினார்; அப்புறம் சீரியல் பார்த்துக்கொண்டே செய்ய ஆரம்பித்துவிட்டார். கட்டி இன்னும் இருக்கிறது, ஆனால் படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை.

இருபது வயதுப் பையன் கபடியில் ஜவ்வைக் கிழித்துக்கொண்டு, கால் பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் நின்றால் கதை வேறு. அங்கே துண்டை அழுத்திப் பயனில்லை. துளை அறுவையில் ஜவ்வைத் தைப்பதுதான் முந்தும்.

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதமாக இருந்தால் ஊசி, கத்தி எல்லாமே இரண்டாம் பட்சம். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துதான் முதலில். மெத்தோட்ரெக்சேட் என்றால் வாரம் ஒரு முறை, தவறிக்கூட தினமும் அல்ல. எண்ணெய் தடவிக் காலத்தை ஓட்டினால் மூட்டு அரித்துப்போகும்.

சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் தானாகவே மறையும். டாக்டர் பார்த்து உறுதி செய்தபின் விட்டுவிடலாம்.

ஒன்று மட்டும் காத்திருக்காது. கெண்டைக்கால் திடீரென வீங்கி, சிவந்து, சுண்டி வலித்தால் கட்டி உடைந்திருக்கலாம், ஆழ்ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தும் இருக்கலாம். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நீவிவிடாமல் அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.