‘எந்தப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டும்’ என்று சொல்லி ஸ்டிக்கர் விற்பவர்களிடம் கவனம்

இட்லி மாவு, ஊறுகாய், பொடி என்று வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேபிள் அடித்துக் கொடுக்கும் ஒருவரிடம் நல்ல தொகை ஏமாந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. ஆனால் அவர் செய்த வித்தையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாவு முன்பு அச்சடித்த கவரில் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர்கள் கேட்டார்கள் என்று மூடி போட்ட டப்பாவுக்கு மாறினோம். டப்பா என்றால் லேபிள் வேண்டுமே. ஃபிரிட்ஜில் இருக்கும் பொருள், ஈரம் படும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். “அக்கா, இது பர்மனென்ட் கம். எந்தப் பிளாஸ்டிக்கா இருந்தாலும் விடாது” என்றவர், மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலில் ஒன்றை ஒட்டிக் காட்டினார். நகத்தால் பெயர்த்தும் வரவில்லை.

வித்தையே அந்தப் பாட்டிலில்தான் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் பெட் (PET) என்கிற பிளாஸ்டிக். மாவு டப்பா பிபி (PP, பாலிபுரொப்பிலீன்) என்கிற வேறு வகை. டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும்: 1 என்றால் பெட், 2 என்றால் எச்டிபிஇ (HDPE, கெட்டியான பாலித்தீன்), 5 என்றால் பிபி. பெட்டில் சாதாரண கம்மே நன்றாகப் பிடிக்கும். பிபியும் எச்டிபிஇயும் அப்படியில்லை. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பரவாமல் உருண்டு நிற்கும். கம்மும் அப்படித்தான், பரவிப் பிடிக்காமல் மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும். ஒரு பரப்பு கம்மை எவ்வளவு நன்றாக ஏற்கும் என்பதை அச்சுத் தொழிலில் டைன் என்கிற அளவில் சொல்வார்கள். பெட்டுக்கு 40க்கு மேல், பிபிக்கு 30 அளவில்தான். இதைக் கூட்டத்தான் தொழிற்சாலைகளில் பிபி பரப்பின் மேல் கொரோனா என்கிற மின்பொறியைச் செலுத்துவார்கள், அல்லது தீச்சுடரில் காட்டி எடுப்பார்கள். நாள் ஆக ஆக அந்தப் பதமும் குறைந்துவிடும். லேபிள் விற்றே பிழைக்கிறவருக்கு இதெல்லாம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இன்னொரு வேலையும் செய்திருக்கிறார். சாம்பிளாக வந்தது பிபி ஃபிலிம். ரோலாக வந்தது குரோமோ பேப்பர் என்கிற வழவழப்பான காகிதம், மேலே பளபளவென்று லாமினேஷன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கையால் கிழித்துப் பார்த்தால்தான் குட்டு உடையும். பேப்பர் சட்டென்று கிழியும், ஃபிலிம் லேசில் கிழியாது. லாமினேஷன் மேல்பக்கத்தைத்தான் காக்கும். ஓரம் திறந்தே இருக்கும், ஃபிரிட்ஜில் வேர்க்கும் தண்ணீர் அது வழியாக உள்ளே ஏறும்.

லேபிள்கள் உதிர்ந்ததும் கடையிலிருந்து அண்ணாச்சி போன் செய்தார். “டப்பா எல்லாம் மொட்டையா நிக்குதும்மா, விலை தேதி ஒண்ணும் இல்ல, எப்படி விக்கிறது?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. எம்ஆர்பி, எடை, தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் எல்லாம் அந்த லேபிளில்தான் இருக்கின்றன. பாக்கெட்டிலிருந்து தனியே பிரிந்து வராதபடி லேபிள் இருக்க வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறையே சொல்கிறது. ஆய்வுக்கு வருகிறவர் கேட்டால் அச்சகத்தைக் கைகாட்ட முடியாது. சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. புளித்த மாவை என்ன செய்வது?

அச்சகத்துக்காரர் முதலில் கை எண்ணெய் என்றார், அப்புறம் தூசி என்றார், கடைசியில் ஈரத்தில் ஒட்டியிருப்பீர்கள் என்றார். காலி டப்பாவைத் துடைத்து, முதல் நாளே லேபிள் ஒட்டி வைத்துவிட்டு மறுநாள்தான் மாவு ஊற்றுகிறோம். கம் முழுப் பிடிப்புக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால் வைத்த வழக்கம் அது. இதைச் சொன்னதும் “அச்சடிச்ச சரக்கைத் திரும்ப எடுக்க முடியாதுக்கா” என்று போனை வைத்துவிட்டார். பில்லை எடுத்துப் பார்த்தால் ‘ஸ்டிக்கர்’ என்று ஒரே சொல். என்ன பேப்பர், என்ன கம், ஒன்றும் இல்லை.

இப்போது வேறொருவரிடம் பிபி ஃபிலிமில், ரப்பர் வகை ஹாட்மெல்ட் (சூட்டில் உருக்கிப் பூசுகிற) கம்மோடு வாங்குகிறோம். விலை கூடத்தான், ஆனால் நிற்கிறது. ஆர்டர் கொடுக்குமுன் அவருடைய பாட்டிலில் அல்ல, உங்கள் டப்பாவில் ஒட்டச் சொல்லி, அதை உங்கள் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். கம்முக்கு விவர அட்டை கேளுங்கள். அதில் ஒட்டும்போது இருக்க வேண்டிய வெப்பம் ஒன்று, ஒட்டிய பிறகு தாங்கும் வெப்பம் ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். “மைனஸ் 20 வரை தாங்கும்” என்று இரண்டாவதை மட்டும் சொல்லி விற்பார்கள். குளிர்ந்த டப்பாவில் ஒட்டுகிறவர்களுக்கு முதல் எண்தான் முக்கியம். ஒப்புக்கொண்ட சாம்பிளில் அவர் கையெழுத்து வாங்கி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் ஃபிலிம் பெயரும் கம் வகையும் வரட்டும்.

வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் புகார் செல்லாது என்று அந்தப் பழைய அச்சகத்துக்காரர் மிரட்டினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் வாங்குகிறவருக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு இருக்கிறது, அவரும் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன். அதன் பிறகு, “அடுத்த ஆர்டர்ல கழிச்சுக்கலாம்க்கா” என்று செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார். பணமாகத் திருப்பித் தருவதானால் பேசலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.