பச்சை எழுத்துத் திரையிலிருந்து லினக்ஸுக்கு: 18 ஆண்டு அனுபவம்

2006இல் சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தவை, 24 வரியும் வரிக்கு 80 எழுத்தும் கொண்ட திரையும் கோபால் (COBOL) என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களும்தாம். பெரிய நிறுவனங்களின் பரிவர்த்தனைகளைக் கையாளும் பெருங்கணினியான மெயின்ஃப்ரேமில் 14 ஆண்டுகள் கழிந்தன. பிறகு நான்கு ஆண்டுகள், ஒரு நிதி நிறுவனத்தின் அதே வேலைகளை லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வர்களுக்கு மாற்றினேன்.

மெயின்ஃப்ரேம் என்றாலே அதிவேகக் கணினி என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் கணக்கீட்டு வேகத்தில் முந்துவது சூப்பர் கம்ப்யூட்டர்தான். வட்டிலிருந்து தரவைக் கொண்டுவரும் வேலையைச் சேனல்கள் என்னும் துணைப் பகுதிகள் தனியே பார்த்துக்கொள்வதால், மையச் செயலி காத்துக் கிடக்காமல் இடைவிடாது பரிவர்த்தனைகளைக் கவனிக்கும் என்பதே மெயின்ஃப்ரேமின் பலம். ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 காலத்திலிருந்தே பழைய நிரல்களைக் கைவிடாத மரபும் அதற்கு உண்டு. நான் பிறப்பதற்கு முன் எழுதப்பட்ட நிரலொன்று, வேலைகளை மொத்தமாக ஓட்டும் இரவு பேட்சில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன்; அதைத் தொட எவருக்கும் துணிவில்லை என்பது வேறு விஷயம்.

மாற்றத்தின்போது எங்களைப் படுத்தியது வேகமன்று, அகரவரிசை. எழுத்துகளைக் கணினிக்குள் குறியிட மெயின்ஃப்ரேம் பயன்படுத்தும் எப்சிடிக் முறையில் ஆங்கில எழுத்துகள் முதலிலும் எண்கள் பின்னும் வரும்; லினக்ஸின் ஆஸ்கி வரிசையில் எண்களே முன்னே. பழைய வரிசையில் வந்த கோப்பையும் புதிய வரிசையில் அடுக்கிய கோப்பையும் இரண்டும் ஒரே வரிசையில் இருப்பதாக நம்பி எங்கள் நிரல் ஒப்பிட்டபோது, இரண்டிலும் இருந்த வாடிக்கையாளர்களையே ‘இணை இல்லை’ என்று ஆயிரக்கணக்கில் தள்ளியது. மொத்தத் தொகை சரியாக இருந்ததால், காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது. பைசாக் கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும்: எண்ணைத் தசம இலக்கங்களாகவே சேமிக்கும் கோபாலின் பேக்டு டெசிமலில் 0.10 பிசகாமல் நிற்கும். ஜாவா நிரல்மொழியில், எண்ணை இரும முறையில் தோராயமாகச் சேமிக்கும் டபுளை நம்பினால் நிற்காது, தசமத்தைத் துல்லியமாகக் காக்கும் பிக்டெசிமலே துணை.

பழுதை எதிர்கொள்ளும் விதத்தில்தான் மெயின்ஃப்ரேமும் லினக்ஸ் சர்வர்களும் அடிப்படையிலேயே வேறுபடுகின்றன. அங்கே ஒரு செயலி பழுதானால் உபரிச் செயலி அந்த இடத்தை ஏற்கும். நிரலுக்குச் செய்தியே எட்டாது. இங்கே சர்வர் விழும் என்று எதிர்பார்த்தே எழுத வேண்டியிருப்பதால், மறுமுயற்சியில் ஒரே பணம் இருமுறை போகாமல் தடுக்கும் பொறுப்பு நிரலாளரின் தலையில் விழுகிறது.

ஆனால் சோதனைச் சூழல் கேட்டு வாரக்கணக்கில் காத்திருந்த எனக்கு, பத்து நிமிடத்தில் ஒரு சர்வர் கிடைப்பது இன்றும் சுகமாகவே இருக்கிறது. தினசரி அறிக்கைகள் முழுவதும் லினக்ஸுக்கு வந்துவிட்டன. மாதக் கடைசி வட்டிக் கணக்கை மட்டும் இன்னும் நகர்த்தவில்லை.