பராமரிப்பு இல்லத்தில் இழுப்பு (வலிப்பு) மருந்து: பில் கட்டுவதற்கு முன் படியுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஸ்ட்ரோக் வந்தவர்களைத் தனியார் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் குடும்பங்களுக்கு இது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு நடந்தது.

ஸ்ட்ரோக்கோடு இழுப்பும் வந்ததால் ஃபெனிடோயின் என்ற இழுப்பு மருந்து, சிரப்பாக, தினம் 300 மி.கி., மூக்குக் குழாய் வழியாக. இல்லத்தில் அதைப் பாலோடு கலந்தே ஊற்றியிருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் பாலை நிறுத்தி, குழாயைத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். செய்யவில்லை; மறுபடி இழுப்பு. வந்து பார்த்த டாக்டர், ரத்தம் எடுக்காமலேயே 400 ஆக்கிவிட்டார்.

பிறகு குழாயை எடுத்தார்கள், வாயால் கஞ்சி குடித்தார். மருந்து இப்போது முழுசாகச் சேர்கிறது, அளவு மட்டும் 400-லேயே நிற்கிறது. ஃபெனிடோயினில் சாதாரணக் கூட்டல் கணக்கு செல்லாது. ஓரளவுக்கு மேல் கல்லீரலால் அதை உடைக்க முடியாது. அப்புறம் கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் மடமடவென்று ஏறும்.

பிடித்து நிறுத்தினால் கள் குடித்தவர்போல் தள்ளாட்டம், பேச்சுக் குழறல். பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கண்மணி துடித்துத் துடித்து ஓடியது. இல்லம் சொன்ன காரணம்: "ஐயா ஒத்துழைக்க மாட்டேங்கறாரு." அதற்குக் கூடுதல் பிசியோ, தடவைக்கு 80 வெள்ளி (ரிங்கிட்), தனி பில். மருந்து மிஞ்சியதற்குப் பயிற்சியை விற்றிருக்கிறார்கள்!

கடைசியில் ரத்தம் எடுத்தபோது லிட்டருக்கு 31 மி.கி. இருக்க வேண்டியது 10 முதல் 20 (ரிப்போர்ட் மைக்ரோமோல் அலகில் இருந்தால் 40 முதல் 80). அடுத்த வேளை மருந்துக்கு முன்பு ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். படுத்தே கிடப்பவருக்கு அல்புமின் (மருந்தைப் பிடித்து வைக்கும் ரத்தப் புரதம்) குறைந்திருந்தால், ரிப்போர்ட் சரியாகத் தெரிந்தாலும் மருந்து மிஞ்சியிருக்கலாம். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தள்ளாட்டத்தைப் பார்த்துப் பயந்து நீங்களே மருந்தை நிறுத்திவிடாதீர்கள், நிற்காத இழுப்பில் கொண்டுபோய் விடும். டாக்டர்தான் குறைக்க வேண்டும். இழுப்பே வராதவருக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் மட்டும் ஏன் என்று கேளுங்கள். பலத்த தலைக்காயத்துக்குக்கூட முன்காப்பாகப் பொதுவாக 7 நாள்தான்.

சிரப்பிலிருந்து கேப்சூலுக்கு மாற்றினாலும் அளவு ஒன்றல்ல: 100 மி.கி. கேப்சூலில் ஃபெனிடோயின் 92 மி.கி.தான். போத்தலைக் குலுக்காமல் ஊற்றுகிறார்களா என்று நேரில் நின்று பாருங்கள். மருந்து அடியில் தங்கும். முதல் வாரம் வெறும் தண்ணி, கடைசி வாரம் கெட்டிச் சாறு.