ராயபுரம் அறுப்பின் பண்டிகை விருந்து: ஒரு பந்திக்கு ஒரு தேக்சா

சபையின் பெயர் வேண்டாம். ராயபுரத்திலிருந்து காசிமேடு போகிற பக்கம் இருக்கும் நடுத்தரச் சபை. விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையன்று 500 பேருக்கு மட்டன் பிரியாணி. சாப்பாட்டை மட்டும் சொல்வதென்றால் சட்டென்று முடிந்துவிடும்: பாஸ்மதி, விறகடுப்பு, தம் சரியாக விழுந்திருந்தது, கத்தரிக்காய் பச்சடியில் புளி தூக்கல், தயிர் வெங்காயம் போதவில்லை. கவனிக்க வேண்டியது பரிமாறிய விதம்.

பிரியாணிப் பந்தியில் பட்சபாதம் கரண்டியில்தான் நடக்கும். தம் போட்ட தேக்சாவில், அதாவது பெரிய பிரியாணிப் பாத்திரத்தில், கறியும் மசாலாவும் அடியில், மேலே வெறும் சோறு. மேலாக வழித்துப் போட்டால் முதல் வரிசைக்குச் சோறு, கடைசி வரிசைக்கு எண்ணெய். அதுவாவது தற்செயல். மூடி திறந்ததும் நல்ல நெஞ்செலும்பாகப் பொறுக்கி ஒரு தூக்கில் போட்டு, துணி போர்த்திய நாற்காலிப் பக்கம் அனுப்புவது தற்செயல் இல்லை. பொன்மோதிரமும் மினுக்கான உடுப்பும் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தை கட்டியவனை ‘அங்கே நில்லு’ என்பதைப் பற்றி பைபிளில் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருப்பதற்கும் இந்தத் தூக்குக்கும் பெரிய தூரம் கிடையாது.

இங்கே கணக்கு வேறு. ஒரு தேக்சாவுக்கு 12 கிலோ அரிசி, 12 கிலோ கறி. கிலோவுக்கு 20 துண்டு என்று கறிக்கடையிலேயே சொல்லி வெட்டியதால் 240 பீஸ். ஒரு பந்திக்கு 100 பேர், இலைக்கு இரண்டு போனால் 200. மீதி 40, கை நீட்டிக் கேட்கிறவர்களுக்கு. சாசரால் மேலே வழிக்காமல், பக்கவாட்டில் அடிவரைக்கும் வெட்டி எடுக்கிறார்கள். சமைத்த பாய் தேக்சா பக்கத்திலேயே நின்று, கிளறப் போன பையன்களை இரண்டு முறை அதட்டினார். கிளறினால் சோறு உடையும், எண்ணிக்கையும் போய்விடும். ஒரு தேக்சா முடிந்தால் ஒரு பந்தி முடிந்தது. அடுத்த பந்திக்கு அடுத்த மூடி.

12 மணிக்கு முதல் பந்தி, 25 நிமிடத்துக்கு ஒன்று, 1.40க்கு ஐந்தாவது. அந்த ஐந்தாவதுதான் இந்த விருந்தின் உயிர். ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் ஏலம் களைகட்டும் நேரம். ஐஸ் உடைக்கிறவர்கள், கூடை தூக்குகிறவர்கள், இறால் உரிக்கிற பெண்கள் ஒரு மணிக்கு முன்னால் வந்து சேர முடியாது. மற்ற இடங்களில் அவர்களுக்குத் தீய்ந்த அடியும் ஊசிப்போகிற தயிரும்தான். பைபிள் காலத்துக் கொரிந்து சபையிலும் இதே கூத்து: முந்திக்கொண்டவர்கள் தின்று குடித்துத் தீர்த்தார்கள், மற்றவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் கடைசியில் சொன்னது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதுதான். இங்கே ஐந்தாவது தேக்சா மாவு ஒட்டின மூடியோடு அப்படியே காத்திருந்தது. கீழ்த்தணலை இழுத்துவிட்டு மூடிமேல் மட்டும் தணல். அடியில் நெருப்பை விட்டால் பிடிக்கும், நடுவில் ஒருமுறை திறந்தால் ஆவி போய் சோறு விறைக்கும். ஆயரும் கமிட்டியாரும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்தார்கள், அதே மடக்கு நாற்காலியில்.

கூப்பன் இல்லை. கூப்பன் இருந்தால் பணம் கொடுத்த வீட்டுக்கு எட்டு, கொடுக்காத வீட்டுக்கு இரண்டு என்று போகும். செலவுக்குத் தலைக்கட்டு வரியும் இல்லை, எழுத்தில்லாத கவர்தான். விசைப்படகை நம்பும் வீடுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதன் கடன் மாசக்கணக்கில் இழுக்கும்போது ‘வீட்டுக்கு இவ்வளவு’ என்று கேட்பது சமமாகத் தெரியும், சமம் அல்ல.

வாசலில் நடைபாதைக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கென்று ‘ஏழைகள் பந்தி’ போடாமல், வந்த வரிசையில் உட்காரவைத்தது நல்ல புத்தி. லேவியராகமம் 19:15 பெரியவன் முகத்துக்கு மட்டுமல்ல, சிறியவன் முகத்துக்கும் தாட்சணியம் பார்க்காதே என்கிறது. யாக்கோபு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கும் நேர்ப்பொருள் முகத்தை ஏற்பதுதான். நம் முகதாட்சணியம் கிட்டத்தட்ட அதுவே.

இனி குறைகள். காலை ஆராதனையில் முன் இரண்டு பெஞ்சு ‘விருந்தினருக்கு’ என்று காகிதம் ஒட்டிக் காலியாகக் கிடந்தது. பின்னால் கைக்குழந்தைக்காரிகள் நின்றார்கள். காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலம் இன்னும் மோசம். ஒரு பூசணிக்காய்க்குத் தொகை ஏற ஏற மைக்கில் பேர் முழங்குகிறது. யாரோ கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த ஆறு முட்டை ‘அடுத்து’ என்ற ஒரே வார்த்தையில் போய்விட்டது. பேருக்குப் பதில் சீட்டு நம்பர் சொன்னாலே போதும். பார்சல் கிடையாது என்பதிலும் தளர்வு வேண்டும்: படுக்கையில் இருக்கிறவர்களுக்கு, பந்தி ஆரம்பிக்கும் முன்பே, அதே இரண்டு பீஸோடு. கை கழுவ இரண்டே குழாய், 100 பேருக்கு.

வெளியார் போகலாம், யாரும் எந்தச் சபை என்று கேட்பதில்லை. அவசரமில்லாதவர்கள் 1.40 பந்திக்குப் போங்கள். அதிக நேரம் தம்மில் இருந்ததால் கறி அந்தத் தேக்சாவில்தான் எலும்பைவிட்டுக் கழன்று வந்தது.